நாலணா அங்கத்தினர்கூட அல்ல

தலைமைப் பதவியை விட்டு இறங்குவது கடினம். இறங்கிய பிறகு சும்மா இருப்பது அதைவிடக் கடினம். சங்கீத சபையோ, வாசகசாலையோ, அநாதாசிரமமோ, எதை எடுத்துக்கொண்டாலும் இருபது வருஷம் காரியதரிசியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அங்கே இருப்பார். "இனி எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கேட்டால் யோசனை சொல்வேன், அவ்வளவுதான்" என்று பிரிவுபசாரக் கூட்டத்தில் மாலையும் கழுத்துமாக நின்று சொன்னவர் அவர். மறு மாதமே நிர்வாக சபையில் எந்த விஷயம் வந்தாலும் புதுக் காரியதரிசி, "பெரியவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு..." என்று இழுப்பார். கையெழுத்துப் புதியவருடையது, தலையெழுத்துப் பழையவருடையது!

இப்பெரியவர்களில் பலர் உத்தமர்கள். தம் சொத்தையும் சுகத்தையும் பொதுக் காரியத்திற்குக் கொடுத்தவர்கள். சங்கடம் அவர்களுடைய குணத்தில் இல்லை. காரியதரிசி தவறு செய்தால் வருஷாந்தரக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம், வேறொருவரைத் தேர்ந்தெடுக்கலாம். பதவியே இல்லாத பெரியவரை யார், எந்த விதியின் கீழ்க் கேட்பது? இக்காலத்தில் தர்ம ஸ்தாபனங்களை நெடுநாள் நடத்தியவர்கள், மற்ற ஸ்தாபனங்களின் நிர்வாக சபைகளுக்கு ஒழுங்கான நிர்வாகம் எப்படி என்று யோசனை கூறுவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. ஆதலால் தலைவராக இருந்தவர் ஆலோசகராக மாறுவது எப்படி என்ற கேள்வி, சபைகளுக்குச் சந்தா கட்டும் குடும்பஸ்தர்களாகிய நம் எல்லோரையும் சேர்ந்ததே.

நம் தேசத்தில் இதற்குள்ள மிகப் பெரிய உதாரணம் காந்தியடிகள். அவரைத் தலைவராகவே நாம் போற்றிப் பழகிவிட்டோம். ஆனால் 1934-ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து 1948-ஆம் ஆண்டு ஜனவரி வரையில் அவர் காங்கிரஸில் நாலணா சந்தா கட்டிய அங்கத்தினர்கூட அல்ல. கேட்டவர்களுக்கு யோசனை சொல்லும் வெளி மனிதர், சட்டப்படி அவ்வளவுதான். அந்தப் பதின்மூன்று வருஷ ஆலோசகர் வாழ்க்கையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன; கற்றுக்கொள்ளக் கூடாததும் ஒன்று இருக்கிறது.

யோசனை சொல்லப் புகுகிறவர் கையில் முதலில் கொஞ்சம் சரக்கு இருக்க வேண்டும். காந்தியடிகளின் சரக்கு 1894-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சேர்ந்தது. அங்கே நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கி அதன் காரியதரிசியாக இருந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துகூட நிரம்பவில்லை. குறைந்த சந்தா மாதம் 5 ஷில்லிங். அப்துல்லா சேட் 2 பவுன் எழுதினார். காந்தியடிகள் தமக்கு 1 பவுன் என்று போட்டுக்கொண்டார். பெயர் எழுதினவர்கள் அநேகர். மாதந்தோறும் கொடுத்தவர்கள் சிலர். வசூலுக்கு அலைந்து அலைந்து கால் வலித்த பிறகு சந்தாவை வருஷத்திற்கு 3 பவுன் என்று மாற்றினார்கள். டோங்காட் என்ற ஊரில் ஒரு வியாபாரி 6 பவுன் கொடுக்க வேண்டியவர் 3 பவுனுக்கு மேல் தர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். வசூலுக்குப் போனவர்களோ அவர் வீட்டு விருந்தாளிகள்! சாப்பிடாமல் இரவு முழுதும் விழித்திருந்தார்கள். பொழுது புலரும் வேளையில் அவர் இளகி 6 பவுனையும் கொடுத்து, விருந்தும் வைத்தார்.

கொடுத்தவர்கள் ரசீது கேட்கவில்லை. இவர்கள் வற்புறுத்திக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பைசாவுக்கும் கணக்கு இருந்தது. அந்த 1894-ஆம் வருஷக் கணக்குப் புத்தகங்கள் இன்றும் பத்திரமாக இருக்கும் என்று பல வருஷங்களுக்குப் பின் சுயசரிதையில் அவர் எழுதினார். பாரிஸ்டர் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லும்போதுகூட அவரிடம் இவ்வளவு பெருமை தொனிக்கவில்லை என்பது நம் அபிப்பிராயம்.

அதே அனுபவத்திலிருந்து அவர் மற்றொரு முடிவுக்கும் வந்தார். நேட்டால் காங்கிரஸுக்கு நாளடைவில் சொத்துச் சேர்ந்தது, வாடகை வந்தது. அவர் தாய்நாடு திரும்பிய பின் உள்ளிருந்தவர்களிடையே வழக்கு மூண்டு, வாடகைப் பணம் நீதிமன்றத்தில் போய்க் குவிந்தது. பொது ஸ்தாபனம் நிரந்தர நிதியில் வாழக்கூடாது, ஜனங்கள் வருஷா வருஷம் மனமுவந்து கொடுப்பதில்தான் வாழ வேண்டும் என்று அவர் சொல்லி வந்தார். வட்டியில் வாழும் ஸ்தாபனத்திற்கு ஜனங்களின் தயவு தேவையில்லை. தயவு தேவையில்லாதபோது அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் போய்விடுகிறது என்பது அவர் கட்சி. ஆஸ்பத்திரியும் சர்வகலாசாலையும் இந்த விதியின்படி நடக்க முடியுமா என்பது வேறு விஷயம். நம் வரையில், முடியாது என்றே நினைக்கிறோம். ஆயினும் வைப்பு நிதி பெருகியவுடன் வருஷாந்தரக் கூட்டத்திற்கு ஆள் குறைவதை யாரும் பார்த்திருக்கலாம்.

இனி 1934-க்கு வருவோம். அவ்வருஷம் ஜனவரி 15-ஆம் தேதி பீஹாரைப் பூகம்பம் குலுக்கியது. பாபு ராஜேந்திர பிரசாத் நடத்திய நிவாரணக் கமிட்டிக்கு நாடெங்குமிருந்து பணம் வந்து குவிந்தது. அதன் பண விஷயங்களுக்கு ஆலோசகராக வந்தவர் ஜே. ஸி. குமாரப்பா, தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்குப் பரிசோதனைத் தொழில் பயின்று பம்பாயில் அத்தொழிலை நடத்தியவர், அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் பொது நிதி சாஸ்திரம் படித்தவர். வேலை செய்யும் தொண்டர்களுக்குச் சாப்பாட்டுச் செலவு நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று அவர் ஒரு வரம்பு கட்டினார். காந்தியடிகள் தம் பரிவாரத்துடன் பாட்னாவுக்கு வந்தபோது, அந்தச் செலவையும் மோட்டாருக்குப் பெட்ரோல் செலவையும் நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். விஷயம் காந்தியடிகளிடம் போயிற்று. அவர் குமாரப்பாவை அழைத்துக் காரணம் கேட்டார். சரி என்று ஒப்புக்கொண்டார்.

இச்சம்பவத்தைக் காந்தியடிகளின் பெருமைக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். நமக்கு என்னவோ குமாரப்பாவின் மேல்தான் கண் செல்கிறது. பணம் வந்ததில் பெரும் பகுதி யாருடைய பெயருக்காக வந்ததோ, அவருக்கே விதியைக் காட்டினவர் அவர். விதியைத் தாமே கோபத்தில் உண்டாக்கவில்லை. முன்னமே உண்டாக்கி, எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். ஆகையால் பெரியவர் வந்தபோது மனஸ்தாபத்திற்கே இடமில்லாமல் போயிற்று. விருந்தாளி வாசலில் வந்து நின்ற பிறகு விதி எழுத உட்காருகிற சபைகளுக்கு இந்த வசதி கிடைப்பதில்லை.

அதே வருஷம் செப்டம்பரில், காங்கிரஸை விட்டு விலகப் போவதாகக் காந்தியடிகள் ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டார். அவர் காட்டிய காரணம் விசித்திரமானது. படித்தவர்களில் பலருக்குத் தம்முடைய வழி பிடிக்கவில்லை. ஆனால் தம்மிடமுள்ள பக்தியால் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். காங்கிரஸ் ஒரே மனிதனின் ஆதிக்கத்துக்கு உட்பட்டுவிட்டது. யோசித்து முடிவு செய்வதற்கு அதில் இடமில்லாமல் போயிற்று என்பது அதன் சாரம். தலைவர்கள் உடல் நலத்தையும் வயதையும் சாக்குச் சொல்லி விலகுவதைக் கண்டிருக்கிறோம். "என்னால் உங்கள் புத்தி மழுங்குகிறது" என்ற கருத்தைச் சொல்லி விலகினவர் வேறொருவரை நாம் அறியோம்.

அக்டோபரில் பம்பாய்க் காங்கிரஸ் கூடிற்று. அவர் விலகினார். ஆனால் அதே காங்கிரஸ் நிறைவேற்றிய ஒரு தீர்மானத்தைக் கவனிக்க வேண்டும். காந்தியடிகளின் ஆலோசனையின்படியும் வழிகாட்டுதலின்படியும் குமாரப்பா அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை அமைக்க வேண்டியது என்பது அத்தீர்மானம். ஒரு வாசலால் தலைவர் வெளியே போனார். மறு வாசலால் ஆலோசகர் உள்ளே வந்தார்!

சங்கம் டிசம்பரில் வார்தாவில் ஏற்பட்டது. அதன் அமைப்பில் ஒரு நுட்பம் இருந்தது. நிர்வாக சபை சிறியது. கிருஷ்ணதாஸ் ஜாஜு தலைவர், குமாரப்பா காரியதரிசி. வேலை செய்ய நேரமும் கொள்கையில் நம்பிக்கையும் உள்ளவர்களுக்கே அதில் இடம். ரவீந்திரநாத் தாகூர், ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய், ஸி. வி. ராமன் போன்றவர்கள் ஆலோசகர் பட்டியலில் இருந்தார்கள். நிர்வாக சபையில் இல்லை. பெரிய மனிதர்களின் பெயரைக் கடிதத் தலைப்பில் அச்சிடுவதற்காகவே அவர்களை நிர்வாக சபையில் சேர்த்துவிட்டு, பிறகு கூட்டத்திற்கு ஆள் சேரவில்லையென்று தவிக்கும் ஸ்தாபனங்கள் எத்தனை! ராமன் கூட்டத்திற்கு வரவில்லை என்பதால் எண்ணெய்ச் செக்கு நிற்க வேண்டிய அவசியம் வார்தாவில் இல்லை.

ஹரிஜன சேவக சங்கத்தில் அவருடைய யோசனை இவ்வளவு நல்ல பலனைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1932-இல் தோன்றிய அச்சங்கத்திற்கு பிர்லா தலைவர், தக்கர் பாபா காரியதரிசி. சங்கம் பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்யும் ஜாதி ஹிந்துக்களுடையது, அவர்கள் கடனாளிகள், கடன்காரனின் நிர்வாக சபையில் கடன் கொடுத்தவன் ஏன் உட்கார வேண்டும் என்பது காந்தியடிகளின் வாதம். ஹரிஜனங்கள் தனியே ஆலோசனைக் குழுக்கள் அமைத்துச் சங்கத்தின் வேலையைக் கவனித்து யோசனை சொல்லலாம் என்றார். கேட்க இனிய வாதம். ஆனால் தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்? டாக்டர் அம்பேத்கர் 1932 நவம்பரில் லண்டனுக்குக் கப்பலில் போகும்போதே, சங்கம் எந்த வேலைகளை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தக்கர் பாபாவுக்கு விரிவாகக் கடிதம் எழுதினார். கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை, பள்ளிக்கூடத்தில் சேரும் உரிமை, தொழில் கிடைக்கும் வசதி இவை அதில் முக்கியமானவை. அக்கடிதம் கிடைத்தது என்ற பதில்கூட வரவில்லையென்று 1945-இல் வெளியிட்ட நூலில் அவர் எழுதியிருக்கிறார். வாக்குரிமையில்லாமல் யோசனை மாத்திரம் சொல்லலாம் என்றால், அந்த யோசனையை உறைகூடப் பிரிக்காமல் வைத்துவிடலாம் என்றும் அர்த்தமாகிறது. யாருக்காக ஸ்தாபனம் நடக்கிறதோ அவர்களுக்கு நிர்வாக சபையிலேயே இடம் வேண்டும் என்று இன்று சொல்வதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை.

இப்போது 1939. ஆலோசகர் வாழ்க்கையில் கற்றுக்கொள்ளக் கூடாதது என்று முன்னர்க் கூறினோமே, அது இங்கேதான் இருக்கிறது.

அவ்வருஷம் ஜனவரி 29-ஆம் தேதி காங்கிரஸ் அக்கிராசனர் தேர்தல் நடந்தது. சுபாஷ் சந்திர போஸுக்கு 1,580 வாக்குகள்; எதிர்த்து நின்ற பட்டாபி சீதாராமய்யாவுக்கு 1,377. பிரதிநிதிகள் முறைப்படி வாக்களித்தார்கள். முடிவு ஐயத்துக்கு இடமில்லாதது. இரண்டொரு நாளில், பட்டாபியின் தோல்வி அவருடையதைவிடத் தம்முடையதே என்று காந்தியடிகள் அறிக்கை விட்டார். அவர் அப்போது அங்கத்தினரா? இல்லை. தேர்தலில் நின்றாரா? இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால், ஸ்தாபனத்தின் உள் விவகாரம் ஒன்று, மகாத்மாவின் பக்கமா எதிர்ப்பக்கமா என்ற கேள்வியாக மாறிவிட்டது. பிப்ரவரியில் காரியக் கமிட்டியின் பெரும்பாலோர் ராஜிநாமாச் செய்தார்கள். மார்ச்சில் திரிபுரிக் காங்கிரஸ் கூடியபோது போஸ் கடும் ஜுரத்தில் இருந்தார். காந்தியடிகளோ அங்கே இல்லவே இல்லை, ராஜகோட்டில் இருந்தார். அச்சபையில் கோவிந்த வல்லப பந்த் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அக்கிராசனர் தம் காரியக் கமிட்டியைக் காந்தியடிகளின் விருப்பப்படி நியமிக்க வேண்டும் என்பது அதன் முக்கிய பாகம்.

நேயர்கள் இதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மாணவர்கள் வாக்களித்து ஒரு பையனைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு அதே மாணவர்கள் கூடி, ஓய்வு பெற்றுப் போன தலைமை ஆசிரியர் யாரை விரும்புகிறாரோ அவர்களையே இவன் உதவியாளராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி செய்கிறார்கள். பையன் தலைமை ஆசிரியர் வீட்டுக்குப் போய்க் கேட்கிறான். அவரோ, "நான் யார், சொல்வதற்கு? உன் இஷ்டப்படி நியமித்துக்கொள்" என்கிறார். வேறென்ன நடக்கும்? அதுதான் நடந்தது. தம் பெயர்ப் பட்டியலைப் போஸின் மேல் சுமத்த மாட்டேன், அவர் தம் கொள்கைக்கு ஏற்றவர்களை வைத்துக்கொள்ளட்டும் என்று காந்தியடிகள் எழுதினார். தீர்மானம் தம் கையைக் கட்டியிருக்கிறதே என்று போஸ் எழுதினார். கடிதங்கள் போயின, வந்தன. ஏப்ரல் 29-ஆம் தேதி கல்கத்தாவில் போஸ் ராஜிநாமாச் செய்தார்.

போஸின் கொள்கை சரியா, காந்தியடிகளின் கொள்கை சரியா என்று வாதிட நாம் இங்கே புகவில்லை. அந்த வழக்கு இன்னும் நூறு வருஷம் நடக்கும். நிர்வாகம் என்ற ஒரே கண்ணால் பார்த்தால், இருவர் மேல் குற்றம் இருக்கிறது. சபை தன் பொறுப்பைத் தூக்கி, பொறுப்பில்லாத ஒருவரின் விருப்பத்தில் வைத்தது. அது பெரிய குற்றம். தம்முடைய விருப்பு வெறுப்பை வெளியிட்டு அதற்கு வழி செய்துவிட்டு, பிறகு தம் பெயரில் எழுதப்பட்ட விதியை ஏற்கவும் மாட்டேன், நீக்கச் சொல்லவும் மாட்டேன் என்று ஆலோசகர் இருந்தது மற்றொன்று. 1934-இல் எந்த நோயைச் சொல்லி அவர் விலகினாரோ, அதே நோய் ஐந்து வருஷத்தில் இன்னும் முற்றியிருந்தது. பெயர் பதிவேட்டிலிருந்து போய்விட்டது, ஆள் போகவில்லை.

அடுத்த வருஷமே வேறு விதமாக நடந்தது என்பதால்தான் இந்த வரலாறு படிக்கத் தக்கதாகிறது. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. தேசப் பாதுகாப்பிலும் அஹிம்சையே வழி என்று காந்தியடிகள் யோசனை சொன்னார். காரியக் கமிட்டி வார்தாவில் கூடி, அவ்வளவு தூரம் தங்களால் வர இயலாது என்று சொல்லி, தங்கள் முடிவுக்கு அவரைப் பொறுப்பாளியாக்காமல் விடுவித்தது. ஜூலையில் டில்லியில் ராஜாஜி ஒரு தீர்மானம் தயாரித்தார்: பூரண சுதந்திரத்தை ஒப்புக்கொண்டு, மத்தியில் தேசிய சர்க்கார் அமைத்தால், நாட்டின் பாதுகாப்பு முயற்சியில் காங்கிரஸ் முழு மனத்துடன் இறங்கும் என்பது அது. ஸர்தார் படேலே ராஜாஜியின் பக்கம் சேர்ந்துவிட்டார். காந்தியடிகள் வாதாடிப் பார்த்தார், தோற்றார். இம்முறை தம்முடைய தோல்வி என்று அறிக்கை விடவில்லை. மகிழ்ச்சியும் துயரமும் ஒருங்கே அடைந்ததாகத் தம் பத்திரிகையில் எழுதினார். கமிட்டி தன் மனச்சாட்சிப்படி முடிவு செய்தது என்று ஏற்றுக்கொண்டு ஒதுங்கி நின்றார். புனாவில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியும் அதை ஊர்ஜிதம் செய்தது.

பிறகு பிரிட்டிஷார் அந்தக் கையை ஏற்கவில்லை. ஆகஸ்டில் வைஸ்ராய் சொன்ன பதில் ஒருவருக்கும் திருப்தி தரவில்லை. செப்டம்பரில் பம்பாயில் கமிட்டியே கூடி, தலைமையை ஏற்கும்படி காந்தியடிகளைத் திரும்பக் கேட்டது. கவனியுங்கள்: கேட்டது கமிட்டி, தீர்மானத்தின் மூலம் கேட்டது, ஒப்புக்கொண்டவர் அதன் பின் வெளிப்படையாகப் பொறுப்பை ஏற்றார். திரிபுரியில் எதெது இல்லையோ அதெல்லாம் இங்கே இருந்தது. நமக்கு ராஜாஜியின் பங்கும் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. தாம் குருவாகக் கருதியவரை எதிரில் வைத்துக்கொண்டு, மரியாதை குறையாமல், "உங்கள் யோசனை எங்களுக்கு ஆகாது" என்று சொல்லக்கூடிய ஓர் ஆள் சபையில் இருந்தாலொழிய ஆலோசகருக்கும் விமோசனம் இல்லை.

1947 ஜூனில் தேசப் பிரிவினைத் தீர்மானம் வந்தபோதும் அவர் ஏறக்குறைய இதே நிலையில்தான் நின்றார். பிரிவினை அவருக்குச் சற்றும் உடன்பாடில்லை. ஆனால் பொறுப்பேற்ற தலைவர்கள் கொடுத்துவிட்ட வாக்கைத் தள்ளுவதானால், அவர்கள் இடத்தில் வைக்க வேறு தலைவர்கள் உங்களிடம் இருக்க வேண்டும் என்று கமிட்டி அங்கத்தினர்களிடம் சொன்னார். அதைப் பலவீனம் என்றவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

கடைசி ஆலோசனை 1948 ஜனவரி 29-ஆம் தேதியிட்டது. காங்கிரஸின் வேலை இந்த உருவத்தில் முடிந்துவிட்டது. அது கலைந்து, லோக சேவக சங்கமாக மலர வேண்டும் என்று ஒரு நகல் அமைப்புச் சட்டத்தை எழுதி வைத்தார். ஐந்து பேர் கொண்ட பஞ்சாயத்து அதன் அடிப்படை. ஒவ்வொரு தொண்டனும் தான் செய்த வேலையை நாள்தோறும் குறிப்பெழுதி வைக்க வேண்டும். பதிவேடு வைக்க வேண்டும். சங்கத்துக்கு வேண்டிய பணத்தைக் கிராம ஜனங்களிடமிருந்து, முக்கியமாக ஏழையின் காசாக, திரட்ட வேண்டும் என்ற விதிகள் அதில் உள்ளன. டர்பனில் ரசீது எழுதிய காரியதரிசியின் கை, ஐம்பத்துநாலு வருஷம் கழித்தும் மாறவில்லை.

மறுநாள் அவர் கொல்லப்பட்டார். பிப்ரவரி 15-ஆம் தேதி ஹரிஜன் பத்திரிகையில் அந்த நகல் அவருடைய கடைசி மரண சாஸனம் என்ற தலைப்புடன் வெளியாயிற்று. காங்கிரஸ் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.